ஐம்பத்தொன்றுக்குக் கீழே

எங்கள் மலையில் தராசு என்றாலே ஒரு சந்தேகம் உண்டு. கல்வராயன் மலையில் விளையும் மரவள்ளிக்கிழங்கு லாரி ஏறி ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும். அங்கே எடை மட்டும் போதாது. கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து என்று 'பாயிண்ட்' பார்த்துத்தான் விலை வைப்பார்கள். அந்தப் பாயிண்ட் நாம நினைச்சதைவிட எப்பவும் கொஞ்சம் குறைச்சலாத்தான் வரும்.

வெள்ளிமலையில் பிறந்த என் சித்தப்பா மகன் கிக்பாக்ஸிங் ஆடுகிறான். அவனுக்குத் தராசு வேறு மாதிரி வில்லன்.

அமெச்சூர் கிக்பாக்ஸிங்கை உலக அளவில் நடத்துவது வாக்கோ என்ற அமைப்பு. 1976இல் தொடங்கியது; 2021இல்தான் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் முழு அங்கீகாரம் கிடைத்தது. ரிங்குக்குள் ஆடும் வகைகளில் ஆண்களுக்கான எடைப் பிரிவுகள் 51 கிலோவுக்குக் கீழே தொடங்கும். பிறகு 54, 57, 60, 63.5 என்று ஏறி, 91க்கு மேல் போனால் எல்லாரும் ஒரே கூட்டம். ரெண்டு நிமிஷம் வீதம் மூணு ரவுண்டு. தம்பி ஆடுவது லோ கிக். தொடையில் உதைக்கலாம்.

அவன் சாதாரணமாக 53 கிலோ சொச்சம் இருப்பான். மேலே ஒரு கிலோ இடம் இருக்கிற 54தான் அவன் இடம் என்று பார்த்தாலே தெரியும். ஆனால் அந்த 54க்கு வருகிறவர்கள் பாதிப்பேர் 58 கிலோ உடம்பை வற்றவைத்து வந்தவர்கள். எடை பார்த்து முடிந்ததும் தண்ணீரும் சோறுமாகப் பழைய உடம்புக்குத் திரும்பிவிடுவார்கள். 'அப்ப நானும் 51க்கு இறங்கணும்ணே' என்றான். கணக்கு சரிதான், அதுதான் பயம்.

வினேஷ் போகத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 2024 பாரிஸில் 50 கிலோ பிரிவில் இறுதிப்போட்டி வரை போனவர், ராத்திரி முழுக்க உடம்பை வாட்டியும் காலையில் 100 கிராம் கூடுதல் என்று வெளியேற்றப்பட்டார். நாம் அழுதது பதக்கத்துக்காக. 2015இல் யாங் ஜியான் பிங் என்ற 21 வயது சீன வீரர், மணிலாவில் ஒரு சண்டைக்காக எடை குறைக்கும்போது செத்தே போனார். அதன் பிறகுதான் அந்தப் போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப் உடம்பில் நீர்ச்சத்து இருக்கிறதா என்று சோதிக்க ஆரம்பித்தது. ஊர்ப் போட்டிகளில் அப்படி எதையும் நான் பார்த்ததில்லை. ஒரு எலெக்ட்ரானிக் மெஷின், ஒரு நோட்டு, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. 58 கிலோக்காரன் நாலு கிலோ இறக்குவதும் 53 கிலோக்காரன் ரெண்டரை கிலோ இறக்குவதும் ஒன்றில்லை. அவனிடம் கரைக்கக் கொழுப்பு இருக்கலாம். எங்க பையனிடம் என்ன இருக்கிறது? சாமைச் சோறும் கிழங்கும் தின்று, ஏறி இறங்கி வளர்ந்த உடம்பு. முறுக்கின கயிறு மாதிரி. அதில் தண்ணீரைத்தான் பிழிய முடியும். சின்ன உடம்புக்காரனுக்கும் ஒரு நியாயமான சண்டை கிடைக்கட்டும் என்றுதான் எடைப் பிரிவையே கண்டுபிடித்தார்கள். அதையே சின்ன உடம்புக்காரனைப் பட்டினி போடும் ஏற்பாடாக மாற்றிவிட்டோம்.

ஒருநாள் ராத்திரி, எச்சிலைக்கூடத் துப்பிக்கொண்டு, ரெயின்கோட் போட்டு ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்தான். உதடு வெடித்திருந்தது. சித்தி கஞ்சிக் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள், ஒன்றும் பேசவில்லை.

'54லயே ஆடுடா' என்றேன்.

'தோத்துருவேண்ணே.'

'தோத்துக்க.'

கொஞ்ச நேரம் என்னை முறைத்துவிட்டுக் கஞ்சியை வாங்கிக் குடித்தான்.

மாநிலப் போட்டியில் மெஷின் 53.6 காட்டியது. எதிரே நின்றவன் அவனைவிட ஒரு தலை உயரம். மூணு நடுவர்களில் ஒருவர் தம்பிக்குக் கொடுத்தார், ரெண்டு பேர் அவனுக்கு. கடைசி ரவுண்டில் மூச்சு வாங்கியது அந்த உயரமானவனுக்குத்தான், தம்பிக்கு இல்லை. அதை யாரும் எந்த நோட்டிலும் எழுதவில்லை.

திரும்பும்போது கச்சிராயபாளையத்தில் இறங்கி நாலு பரோட்டா தின்றான். இடது தொடை கருநீலமாக வீங்கியிருந்தது. மலைக்குப் போகிற பஸ்ஸில், 'அடுத்த தடவை 57க்கு ஏறிரலாமாண்ணே?' என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தூங்கிப்போனான்.