சாத்திய ஜன்னல்

1996 ஜூன் 4-ஆம் தேதி, பிரெஞ்சு கயானாவில் கூரூ என்ற இடத்திலிருந்து ஏரியேன் 5 ராக்கெட் முதல் தடவையாகக் கிளம்பியது. சுமார் 40 விநாடியில் வெடித்துச் சிதறியது.

ராக்கெட் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல அதில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று படுத்தால் மற்றொன்று. ஆனால் இரண்டுக்கும் ஒரே பாடம், பழைய ஏரியேன் 4-இல் படித்த பாடம். 16 பிட்டில் அடங்காத எண் ஒன்று வந்ததும், முதலில் துணை, அடுத்த க்ஷணம் பிரதானம், இரண்டும் கையை விரித்துவிட்டன. அந்தக் கணக்குக்கோ, ராக்கெட் கிளம்பிய பிறகு வேலையே கிடையாது!

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. விழுந்த கம்ப்யூட்டர் தன் கோளாறைப் பற்றி ஏதோ குறிப்பு அனுப்பியது. தலைமைக் கம்ப்யூட்டர் அதையே ராக்கெட்டின் நிலை என்று நம்பி, இல்லாத சாய்வை நிமிர்த்தப் போய், ராக்கெட்டைத் திருப்பிவிட்டது. புலம்பல் வேறு, செய்தி வேறு என்று அதற்கு ஒருவரும் சொல்லிவைக்கவில்லை.

பரிகாசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. கடைசி நாட்களில் அம்மா, "ஜன்னலைச் சாத்துடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் டாக்டர் வயிற்றைத் தொட்டதும் அவள் துடித்தாளே, அப்போதுதான் அது வலியின் பேச்சு என்று தெரிந்தது.

அதற்குள், சாத்திய ஜன்னலை எத்தனை தடவை போய்ச் சாத்தியிருப்பேன்!