படித்துறை

ஆடிப்பெருக்கன்று புஷ்ய மண்டபப் படித்துறையில் விழுந்தேன். வழுக்கவில்லை. கூட்டத்தில் யாரோ தட்டோடு உரசிப்போக, உடம்பு ஒருபக்கம் சாய்ந்தது. அதைத் திருப்பி நிறுத்தக் கால் வரவில்லை. மணிக்கட்டில் விரிசல். காதோலை கருகமணி படியெல்லாம் சிதறியது. தூக்கிவிட வந்த மூன்று பேரில் ஒருத்தி சிரித்தாள்.

எனக்கு 56 வயது, 86 கிலோ. கட்டுப்போட்ட டாக்டர் கையைவிட வயிற்றைத்தான் அதிகம் பார்த்தார். “வெயிட்டைக் குறைங்கம்மா.” அவ்வளவுதான் வைத்தியம். முப்பது வருடமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். என் கணவர் தினமும் ஐந்தரைக்குக் காவிரிக் கரையில் வாக்கிங் போவார். திரும்பும்போது காபி தயாராக இருக்க வேண்டும். அதனால் நான் நடக்கப் போனதில்லை. விழும்வரை இது ஒரு குறையாகவே தோன்றியதில்லை.

விழுந்ததைவிடப் பிறகு வந்த பயம்தான் மோசம். வாசற்படி இறங்கவே சுவரைத் தேடினேன். தை மாதம் ஆராதனைப் பாட்டை வீட்டிலிருந்தே கேட்டேன். தியாகராஜர் சமாதியைத் தன் காசில் எழுப்பி, அங்கே பெண்களும் பாடச் சண்டை போட்ட பெங்களூர் நாகரத்தினம்மாளின் ஊரில், ஒரு பெண் தெருவைக் கடக்கப் பயந்து உட்கார்ந்திருந்தாள்.

கைக்குப் பயிற்சி தந்த பிசியோதெரபிப் பெண்தான் கேட்டாள்: “கை சரியாயிடும் ஆன்ட்டி. ஒத்தக் கால்ல நில்லுங்க பார்ப்போம்.” மூன்று விநாடிகூட முடியவில்லை. நாம் சாய்வதைக் கண்ணும், உட்காதும், பாதமும் மூளைக்குச் சொல்கின்றனவாம். கணுக்காலும் இடுப்பும் திருத்துகின்றனவாம். வயிறு முன்னால் கனத்தால் அந்தத் திருத்தத்துக்குக் கூடுதல் பலம் வேண்டும். உட்கார்ந்தே இருந்த காலுக்கு அது எங்கே இருக்கும்? “வெயிட் மெதுவா குறையட்டும். நிக்கப் பழக அதுவரைக்கும் காத்திருக்க வேணாம்” என்றாள். என் உடம்பைப் பற்றி யாரும் இப்படிப் பேசிக் கேட்டதில்லை.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றேன். பிறகு ஒரு விரல் மட்டும் மேடையில். பிறகு அதுவும் இல்லாமல், ஆனால் கைக்கெட்டும் தூரத்தில். ஒரு காலின் குதிகால் மற்றதன் விரல்நுனியைத் தொட, ஒரே கோட்டில் நடை. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுவது. வாரத்தில் மூன்று நாளாவது இப்படி. 65 தாண்டியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனமும் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது. எனக்கு முன்கூட்டியே தேவைப்பட்டது.

கீரை கொண்டுவரும் அம்மா பார்த்துச் சிரித்தார். “வரப்புல நடந்து பழகியிருந்தா வுழுந்திருக்க மாட்டீங்கம்மா.” தலைச்சுமையோடு ஒற்றைக்காலில் அலுங்காமல் நின்று காட்டினார். பொறாமையாக இருந்தது. கூடையை இறக்கி உட்கார்ந்தவர், எழும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகினார். நாற்பது வருட நடவு அவர் பாதத்துக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு முட்டியை வாங்கிக்கொண்டிருக்கிறது. அதை யாரும் உடற்பயிற்சி என்று சொல்லவில்லை, கூலியும் அதற்கேற்ப இல்லை.

என் பயிற்சியும் காலை ஐந்தரைக்குத்தான். ஃபில்டர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கணவருக்குக் காட்டினேன். முதல் வாரம் டிகாக்‌ஷன் தண்ணீராக இருந்தது. குடித்தேன்.

அடுத்த ஆடிப்பெருக்குக்கு 83 கிலோ. தட்டை மகள் கேட்டாள், கொடுக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் இரண்டு பாதத்தையும் வைத்து, பின்னால் வந்தவர்களைக் காக்கவைத்து, தண்ணீர்வரை இறங்கினேன்.