மூன்றாவது சக்கரம்

சோளகம் வீசும் மாதங்களில் மன்னார்ப் பாலத்தை முச்சக்கர வண்டியில் கடந்தவர்களுக்கு அதன் பொறியியலை நான் விளக்க வேண்டியதில்லை. பெருநிலப்பரப்பிலிருந்து தீவை நோக்கி வருகையில் காற்று இடப்புறத்தைத் தாக்கும். "மாஸ்ரர், இடப்பக்கமாய் நகர்ந்திருங்கோ" என்றார் சாரதி. வண்டி நிமிர்ந்து நிற்க என் உடலின் பாரமும் தேவைப்பட்டது!

முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. போரில் நொந்த இத்தாலியில், 1948இல், பியாஜியோ நிறுவனம் சரக்கேற்றுவதற்காக வெளியிட்ட 'அப்பே' வண்டியின் அமைப்பு இது. வெஸ்பா ஸ்கூட்டரின் முன்பாதியை வைத்துக்கொண்டு பின்னால் இரு சக்கரங்களைப் பூட்டினார்கள். மலிவு, குறுகிய சந்திலும் திரும்பும். ஆனால் வளைவில் பிரேக் பிடித்தால் பாரம் முன்னோக்கிப் பாய்கிறது. அங்கே தாங்குவதற்கு இருப்பதோ ஒற்றைச் சக்கரம். வண்டி குடைசாய்வது பெரும்பாலும் அப்போதுதான்.

மாற்று இல்லாமலில்லை. இரு சக்கரங்களை முன்னே வைத்தால் அந்தப் பாரம் அகன்ற பக்கத்தில் இறங்கும். அதே பியாஜியோ 2006இல் அத்தகைய ஸ்கூட்டர் ஒன்றைச் செய்தது. வளைவில் அதன் முன்சக்கரங்கள் இரண்டும் ஓட்டுபவரோடு சேர்ந்து சாயும். 2007இல் கனடாவின் 'ஸ்பைடர்' வந்தது, வசதி படைத்தோரின் உல்லாசச் சவாரிக்காக. பள்ளிப் பிள்ளைகள் நெருக்கியடித்து ஏறும் நமது வண்டியிலோ முன்னே இன்றும் ஒற்றைச் சக்கரந்தான்.

கவிழ்ந்தால் சாரதியின் அவசரத்தைப் பழிக்கிறோம். என் சாரதி பாலம் முழுவதும் மெதுவாகவே ஓட்டினார். தீவுக் கரையில் இறங்கிக் காசு கொடுத்தபோது, வண்டியின் தவணை இன்னும் 11 மாதம் இருக்கிறதென்றார்.