நாலு நாள் தாங்கினால் நல்ல விலை

பவானியிலிருந்து அந்தியூர் போகும் சாலையில் வாழையும் மஞ்சளும் கரும்பும் கண்ணில் படும். வடக்கே பர்கூர் மலை. அகத்தி நிழலில் படர்ந்த வெற்றிலைக் கொடிக்கால்களும் இந்தப் பக்கம் உண்டு. அந்தியூர் சந்தையில் ராசி, பீடா, செங்காம்பு என்று வெற்றிலையைப் பிரித்து, கட்டுக் கணக்கில் விலை பேசுகிறார்கள். ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குக் குதிரையும் மாடும் வந்து கூடும் புதுப்பாளையத்தில் வாழைத்தார் ஏலம் நடக்கிறது. கதலியும் நேந்திரனும் கிலோ கணக்கில் போகும். பூவன், ரஸ்தாளி, செவ்வாழை எல்லாம் தார் கணக்கு.

இரண்டு இடத்திலும் விவசாயிக்கு ஒரே சங்கடம்தான். கிள்ளிய வெற்றிலை வாடும். வெட்டிய தார் பழுக்கும். வரத்து கூடி விலை இறங்கிய நாளில், திரும்ப ஏற்றிக்கொண்டு போகவும் முடியாது. கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வரவேண்டியதுதான். பண்டம் இன்னும் நாலு நாள் தாங்கினால், அந்த விலை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் வரும்.

தானியத்துக்கு நம் வீடுகளில் வழி இருந்தது. துவரை, பாசிப்பயறில் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி எண்ணெய் தடவி வைத்தால் வண்டின் முட்டை பொரிக்காது. வேப்பிலை, நொச்சி, வசம்பு போடுவதும் பூச்சியை விரட்டத்தான். ஆனால் பழத்தைக் கெடுப்பது வெளியிலிருந்து வரும் வண்டு மட்டுமல்ல. பழுக்கும்போது பழத்திலுள்ள ஒரு நொதியே செல்லின் மேல்சவ்வைக் கரைக்கிறது. பழம் குழைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதைத் தடுக்கும் பொருளும் செடியிலேயே இருக்கிறது. புல்லை அறுத்ததும் ஒரு பச்சை வாசம் வருமே, அதில் ஹெக்ஸனால் என்ற பொருளும் கலந்திருக்கிறது. அது அந்த நொதியின் வேலையை மட்டுப்படுத்துகிறது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகம், இலங்கையின் தொழில்நுட்ப நிறுவனம் மூன்றும் கனடா அரசு நிறுவனத்தின் நிதியுதவியோடு 2012 முதல் இதில் ஆய்வு செய்தன. கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் அறுவடைக்கு முன் ஹெக்ஸனால் கலவையைத் தெளித்துப் பார்த்தார்கள். காய் மரத்திலேயே சுமார் மூன்று வாரம் வரை கூடுதலாக நின்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் அறுத்து விலை விழும்போது, பொறுத்து அறுக்க இது கைகொடுக்கும். பிறகு வாழையிலும் இந்த ஆய்வு நடந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது கெட்ட பழத்தைத் திருத்தும் மருந்தல்ல. அடிபட்ட காயைக் காப்பாற்றாது. பழத்துக்குச் சொன்னதை வெற்றிலைக்கும் பொருத்திப் பார்த்து, அளவு தெரியாமல் தெளிக்கவும் கூடாது. பயிருக்கேற்ற அளவையும் தெளிக்கும் நாளையும் கோவைப் பல்கலைக்கழகத்திலோ, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுக்கொண்டு இறங்குவதே சரி. அறுவடைக்கு முன் தெளிப்பதானால், தார் வெட்டும் நாள் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

செலவில்லாத வேலைகளும் இருக்கின்றன. வெற்றிலையை வெயில் ஏறுமுன் கிள்ளி, நிழலில் வைத்து, ஈரச் சாக்கு மூடலாம். அழுகல் இலை ஒன்று இருந்தாலும் கட்டே கெடும், பார்த்து எடுத்துவிடலாம். பழுத்த தாரிலிருந்து வரும் எத்திலீன் வாயு பக்கத்துக் காயையும் பழுக்கவைக்கும். ஆகவே பழுத்ததையும் காயையும் ஒரே வண்டியில் அடுக்காமல் இருந்தாலே, ஏலத்துக்குப் போகும் தார் பச்சையாகப் போய்ச் சேரும்.