செத்த காலேஜும் சில கறுப்பு வெள்ளைப் படங்களும்

எழும்பூர் மியூசியத்துக்கு அந்தக்கால மெட்ராஸ்காரங்க வச்ச பேரு "செத்த காலேஜ்". மிருகக்காட்சி சாலைக்கு "உயிர் காலேஜ்". 1851ல் ஆரம்பித்த மியூசியத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் விமர்சனம் செய்ததாகத் தெரியவில்லை :-)

யோசிச்சுப் பார்த்தா அந்தப் பேரில் நியாயம் இருக்கு. அங்கே இருக்கும் நடராஜருக்கு அபிஷேகம் கிடையாது, வீதியுலா கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறார். பக்கத்தில் ஒரு அட்டை: பெயர், ஊர், நூற்றாண்டு. கோயிலில் கும்பிட்டுக்கொண்டே உள்ளே போகிற நாம், மியூசியத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறோம்.

வரலாறு படிக்கிற மாணவனுக்கு இப்போ ஒரு புதுப் பாடம் வந்திருக்கு, "பொது வரலாறு"ன்னு. அதாவது வரலாறு என்பது ஆய்வேட்டுக்குள் தூங்குவது இல்லை. மியூசியம், நினைவுச்சின்னம், கோயில், தெருப்பெயர் என்று சாதாரண ஜனங்கள் எதிர்ப்படுகிற இடத்தில் எல்லாம் அது எப்படி இருக்கு, யார் சொல்றாங்க, யாருக்காகச் சொல்றாங்க என்று கேட்பது. இந்தப் பேச்சு வந்ததுமே அடுத்து டிஜிட்டல் வந்துடும். தொடுதிரை வைக்கலாம், முப்பரிமாண ஸ்கேன் எடுக்கலாம், கண்ணில் பெட்டி மாதிரி ஒண்ணை மாட்டினா சோழர் காலத்துக்கே போய்விடலாம்...

எல்லாம் நல்லதுதான். ஆனா எனக்கு என்னமோ, இந்த விஷயத்தில் உண்மையிலேயே பெரிய காரியம் சாதித்த தொழில்நுட்பம் ரொம்ப சாதாரணமானதுன்னு தோணுது. ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். அதன் கூடவே குறித்து வைத்த ஊர்ப்பெயர், தேதி. அதைத் தேடி எடுக்க ஒரு வழி. அவ்வளவுதான்.

அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான்னு ஒரு கிராமம். அங்கே சோழர் காலத்து பிரகதீஸ்வரர் கோயில் இருக்கு (தஞ்சாவூர் பெரிய கோயில் இல்லை, இது வேற). நித்திய பூஜை நின்று பூட்டிக் கிடந்த கோயில். 2006 வாக்கில் அங்கிருந்த செப்புத் திருமேனிகள் திருடு போயின. ஊருக்கு விஷயம் தெரிஞ்சது 2008ல்தான். அதே 2008ல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் உள்ள தேசியக் கலைக்கூடம் ஒரு நடராஜரை விலைக்கு வாங்கியது. விலை சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர். விற்றவர் நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர்.

சிலையோடு காகிதமும் வந்தது. 1972ல் இந்தியாவில் தொல்பொருள் சட்டம் வந்தது இல்லையா, அதற்கு முன்னாடியே சிலை வெளிநாடு போயாச்சு என்று அந்தக் காகிதம் சொன்னது. ஸ்டாம்பு, கையெழுத்து எல்லாம் பக்கா. இந்தக் காகிதத்தைப் பொய்யாக்கியது எது தெரியுமா? ஒரு படம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் 1955ல் தொடங்கியது. 1956 முதல் அவர்களுடைய ஆட்கள் தமிழ்நாட்டில் கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுத்தார்கள். திருடனைப் பிடிக்கணும்னு எடுக்கலை. கோயில் கட்டடக்கலை, சிற்ப இலக்கணம் பற்றிய ஆராய்ச்சிக்காக எடுத்தாங்க. அப்படிச் சேர்ந்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேலே. ஸ்ரீபுரந்தானுக்கும் 1990களில் போய் எடுத்திருக்காங்க. 1972க்கு முன்னாடியே நாட்டை விட்டுப் போனதாகக் காகிதம் சொன்ன நடராஜர், 1990களில் ஊர்க்கோயிலில் நின்று படத்துக்கு முகம் காட்டியிருக்கார்!

"ரெண்டு நடராஜர் ஒரே மாதிரி இருக்கக் கூடாதா?"ன்னு கேட்கலாம். இருக்காதுங்க. இந்தத் திருமேனிகளை மெழுகு வார்ப்பில் செய்வார்கள். முதலில் மெழுகில் உருவம், அதன்மேல் களிமண் பூச்சு, பிறகு சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும், அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஒரு அச்சில் ஒரே சிலைதான். அதனால் திருவாசியின் சுடர், பீடத்தின் இதழ், வார்ப்பில் விழுந்த சின்னப் பள்ளம் எல்லாம் கைரேகை மாதிரி. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு வராது. கான்பெராவில் இருந்த நடராஜரையும் படத்தில் இருந்தவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கதை முடிந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து சிலையைத் திருப்பிக் கொடுத்தார். அதே கோயிலின் உமா பரமேஸ்வரி சிங்கப்பூர் அருங்காட்சியகத்திலிருந்து 2015ல் வந்தாள். சுபாஷ் கபூர் 2011ல் ஜெர்மனியில் பிடிபட்டு, 2012ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றத்தில் 10 வருஷம் தண்டனை வாங்கினார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, படங்களை ஒப்பிட்டு அலைஞ்சவங்கள்ல பட்டம் வாங்கிய வரலாற்றாசிரியர்கள் மட்டும் இல்லை என்பதுதான். சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே சிற்பங்களைப் பற்றி இணையத்தில் எழுதிவந்த எஸ். விஜயகுமார் மாதிரி ஆர்வலர்களும் இருந்தாங்க. ஆபீஸ் முடிஞ்சு வந்து, ராத்திரி கண் முழிச்சுப் படம் பார்க்கிற ஆட்கள். பொது வரலாறுன்னா இதைவிட வேற என்ன வேணும்?

இதே மாதிரி இன்னொன்று. ஆக்ஸ்போர்டில் ஆஷ்மோலியன் மியூசியத்தில் ஒரு திருமங்கையாழ்வார். 1967ல் ஏலத்தில் வாங்கியது. கும்பகோணம் பக்கத்தில் உள்ள சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் 1957ல் எடுத்த பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் படத்தில் அதே ஆழ்வார் இருப்பதை ஒரு ஆய்வாளர் கவனிச்சார். மியூசியமே 2019ல் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொன்னது. திருப்பித் தர ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 2024 மார்ச்சில் சம்மதித்தது. கோயிலிலோ அதுவரை ஒரு நகல் நின்றுகொண்டிருந்தது. கும்பிட்டவங்களுக்குத் தெரியாது.

படம் இல்லாவிட்டால் என்ன கஷ்டம் என்பதற்குப் பத்தூர் நடராஜர் உதாரணம். 1976ல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்து, கடத்தப்பட்டு லண்டன் போனவர். புதைந்து கிடந்த சாமிக்குப் படம் ஏது? அதனால் மண்ணை ஆராய்ந்து, கரையான் தடத்தைப் பார்த்து, உலோகத்தைச் சோதித்து, அறிஞர்கள் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லி, கோயில் சார்பில் சிவனே வாதியாக வழக்கு நடந்து... ஒருவழியாக 1991ல்தான் இந்தியா திரும்பினார்.

இதெல்லாம் படிச்சதுக்கு அப்புறம் மியூசியத்து அட்டைகளைப் பார்க்கிற பார்வையே எனக்கு மாறிப்போச்சு. "நடராஜர், செம்பு, 11ஆம் நூற்றாண்டு". சரி, 11ஆம் நூற்றாண்டில் செஞ்சாங்க. அப்புறம்? எந்த வருஷம் இங்கே வந்தார்? உழும்போது கிடைச்சு 1878ஆம் வருஷப் புதையல் சட்டப்படி வந்தாரா, யாராவது கொடுத்தாங்களா, விலைக்கு வாங்கினதா? அவர் இருந்த இடத்தில் இப்போ என்ன இருக்கு? ஒரு பொருளுடைய வரலாற்றில் மியூசியத்துக்கு வந்த கதையும் பாதி வரலாறுதானே. அட்டையில் இடம் இல்லைன்னு முன்னாடி சொல்லலாம். இப்போ ஒரு சின்னக் கட்டத்தை மொபைலில் ஸ்கேன் செய்தால் எத்தனை பக்கமும் சொல்லலாமே. தொடுதிரைக்குச் செலவு செய்வதற்கு முன் இதைச் செய்யலாம்.

மறுபக்கமும் இருக்கு, மறைக்க வேண்டியதில்லை. எந்தக் கோயிலில் என்ன சிலை இருக்குன்னு எல்லாரும் பார்க்கிற மாதிரி போட்டுவிட்டால் திருடனுக்கும் அது கேட்லாக்தானே? நியாயமான பயம். ஆனா திருடனுக்கு உள்ளூர் ஆளே வழி காட்டிவிடுவான். படம் இல்லாமல் திண்டாடுவது தேடிப் போகிறவன்தான். படமும் அளவும் கட்டாயம் பதிவாகணும். எதைப் பொதுவில் வைப்பது, எதைப் பூட்டி வைப்பது என்பதை அதற்கு அப்புறம் பேசிக்கலாம்.

இதைவிடக் கஷ்டமான கேள்வி ஒண்ணு இருக்கு. திரும்பி வந்த ஸ்ரீபுரந்தான் நடராஜர் நேராக ஊருக்குப் போகவில்லை. வழக்குச் சாட்சியாக நீதிமன்றம் போனார், பிறகு சிலைகள் பாதுகாப்பு மையத்துக்குப் போனார். பாதுகாப்புக்காகத்தான், புரியுது. ஆனா கான்பெராவில் நாலு பேராவது நின்று பார்த்துவிட்டுப் போனாங்க. பாதுகாப்பு மையத்தில் பூட்டுக்குப் பின்னால் பார்வையாளரும் இல்லை, பக்தரும் இல்லை. உயிர் காலேஜும் இல்லை, செத்த காலேஜும் இல்லாத மூணாவது இடம் அது. இதற்கு முப்பரிமாண நகல் பதில் ஆகாது. ஊருக்குள்ளேயே நல்ல பூட்டு, ஒரு காமிரா, சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கும் காவலாளி, எல்லாத்துக்கும் மேலே தினமும் ஒரு கால பூஜை. ஆள் நடமாட்டம் இருந்திருந்தால் திருடு போனது அடுத்த நாளே தெரிந்திருக்குமே.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊர்ப்பக்கம் போகும்போது, பராமரிப்பு இல்லாத கோயிலோ, வயல் நடுவில் தனியாக நிற்கும் அய்யனாரோ, ஏரிக்கரைக் கல்வெட்டோ கண்ணில் பட்டால், பூசாரியிடமும் ஊர்க்காரர்களிடமும் கேட்டுவிட்டு நாலு பக்கமும் படம் எடுங்க. செல்ஃபி இல்லீங்க, சாமியை :-) பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்தால் இன்னும் நல்லது. எடுத்த கையோடு ஊர், தாலுகா, தேதி எழுதி வைங்க. படம் மட்டும் இருந்து ஊர் பேர் இல்லைன்னா பத்து வருஷம் கழித்து உங்களுக்கே எந்த ஊர்ன்னு தெரியாது. ஒரு பிரதியை அந்த ஊரிலேயே யாரிடமாவது கொடுத்துட்டு வாங்க.

1957ல் கும்பகோணம் பக்கம் காமிராவைத் தூக்கிக்கொண்டு போனவருக்கு, அறுபது வருஷம் கழித்து அந்தப் படம் ஆக்ஸ்போர்டு வரைக்கும் போய்ச் சாட்சி சொல்லும்னு தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்லை. அவர் செய்ததெல்லாம் ஒழுங்காகப் படம் எடுத்ததும் ஒழுங்காகக் குறித்து வைத்ததும்தான்.