சாருக்கும் ஒரு அசைன்மென்ட்!

உங்க சார் 'ரெஃப்ரெஷர் கோர்ஸ்' போனா என்ன நினைப்பீங்க? "ஹய்யா, ஃப்ரீ பீரியட்!" நானும் படிக்கிறப்போ அப்படித்தான் குதிச்சேன். இப்போ நானே ஒரு விஸ்காம் வாத்தியார். உண்மையைச் சொல்லட்டுமா... நானும் அதே குஷியோடதான் கோர்ஸுக்குப் போனேன். யு.ஜி.சி. விதிப்படி, பிரமோஷனுக்கு அந்த சர்ட்டிஃபிகேட் வேணும். பவர்பாயின்ட், டீ, வடை, கடைசி நாள் குரூப் போட்டோ. வேறென்ன?

மூணாவது நாள் வந்த மேடம் வெச்சாங்க ஆப்பு. "ஆளுக்கொரு டிஜிட்டல் ஸ்டோரி. 250 வார்த்தை ஸ்கிரிப்ட், உங்க குரல், உங்க போட்டோ, மூணு நிமிஷம். நாளைக்கு சாயங்காலம் ஸ்க்ரீனிங்!" 1990-களில் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜோ லாம்பர்ட்டும் டேனா ஆட்ச்லியும் வளர்த்தெடுத்த முறை இது.

எட்டு வருஷமா இதே அசைன்மென்ட்டைக் கொடுத்து, 'ஃபீலிங் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதி மார்க் குறைச்சவன் நான். அன்னிக்கு ராத்திரி எனக்கு முதல் வரியே வரலை! அப்பாவோட டெய்லர் கடையைப் பத்தி எழுத உட்கார்ந்தேன். 'அப்பா ஒரு கடின உழைப்பாளி...' சே! அடிச்சுட்டேன். மணி ஒண்ணு இருக்கும். கடையை மூடின நாள் ஞாபகம் வந்தது. மெஷினை வித்தாச்சு. ஆனா பெருக்கும்போது, மெஷின் இருந்த இடத்தை மட்டும் அப்பா சுத்திச் சுத்திப் பெருக்கினார். அதை எழுதினேன். வாசிச்சு ரெக்கார்டு பண்றப்போ தொண்டை அடைச்சுக்கிச்சு.

மேடம் சொன்ன ஒரு விஷயம் அப்போதான் உறைச்சது. 1974-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிரே என்பவர் எழுத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்குக் கோடைப் பயிற்சி ஆரம்பிச்சார். எழுதச் சொல்லித் தர்றவங்க முதல்ல தாங்களே எழுதணும் என்பதுதான் அதன் அடிப்படை.

திரும்பி வந்து என் வீடியோவை கிளாஸில் போட்டேன். கடைசி பெஞ்ச் பையன் எழுந்தான். "சார், வயலின் மியூசிக்கைத் தூக்கிடுங்க. உங்க குரலே போதும்." தூக்கினேன். அவன் சொன்னதுதான் சரி!

இப்பல்லாம் நான் 'ஃபீலிங் இல்லை'ன்னு எழுதுறதில்லை. "அந்த இடத்துல நீ என்ன பார்த்தே?"ன்னு கேட்கிறேன்.

அடுத்த தடவை உங்க சார் கோர்ஸ் முடிச்சு வந்தா, ஒரு கேள்வி கேளுங்க. "சார், அங்கே நீங்க என்ன பண்ணீங்க? காட்டுங்களேன்!"

கொஞ்சம் நெளிவார். பரவாயில்லை, விடாதீங்க!