முகத்துக்கு ஒரு புட்டி நீர்

உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, ‘எஸென்ஸ்’ எனும் முகநீர் ஒரு புட்டி வாங்கினேன். முகம் கழுவிய ஈரத்தோடு சில துளி தடவி, மேலே களிம்பு பூசவேண்டும். அதிலுள்ள கிளிசரின் நீரை ஈர்க்கும், களிம்பு அந்நீர் ஆவியாகாமற் காக்கும். மதுரைச் சித்திரை வெயிலிற் பின்னதை விடுத்தால் முன்னதாற் பயனில்லை.

செல்லூரில், தறிப்பாவுக்குக் கஞ்சியிட்டுக்கொண்டிருந்த என் அன்னையார், “இதிலே என்னடி இருக்கு?” என வினவினார். புட்டியின்மேல், அதிக அளவுள்ள பொருளே முதலில் எழுதப்படுவது விதி. “முதலில் தண்ணீர் அம்மா, பிறகு புளித்த அரிசிச் சாறு” என்று படித்துச் சொன்னேன். நகைத்தார். புளித்த கழுநீரால் அவர் முகம் அலம்பும்போதெல்லாம், நாற்றமென்று மூக்கைப் பொத்தியவள் யான்.

நாணமுற்று, நூலிழை அறுத்த அவர்தம் விரல்வெடிப்பில் இரு துளி இட்டேன். “எரியுதடி!” என்று கையை இழுத்துக்கொண்டார்.